கர்ப்பிணியாகக் கனடா போகிறீர்களா? காப்புறுதி தொடங்கும் நாளை முதலில் கணக்குப் பார்ப்போம்

கல்முனையில் படிவம் நிரப்பி, மொழிபெயர்ப்பும் செய்து கொடுக்கிற சின்னக் கடை எங்களுடையது. கணவர் கனடாவில், மனைவி இங்கே, விசா வரப்போகிற நேரம் பார்த்து வயிற்றில் பிள்ளை. இந்த நிலையில் வருகிறவர்கள் டிக்கெட் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: "அங்க போய் மூணு மாசத்துக்கு ஆஸ்பத்திரிக் காசு நாமதான் கட்டோணுமாமே, உண்மையா அண்ணன்?"

யார் சொன்னது என்று கேட்டால், ஸ்கார்பரோவில் இருக்கிற பெரியமாமா என்பார்கள். மாமா பொய் சொல்லவில்லை. ஒன்ராறியோ மாகாணம் 1994இல் அந்த மூன்று மாதக் காத்திருப்பைக் கொண்டுவந்தது. அவர் போய் இறங்கிய காலத்தில் அதுதான் நடைமுறை. 2020 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். சுகாதாரக் காப்புறுதி அட்டை ஏற்கெனவே கையில் இருக்கிற மாமாவுக்கு இந்த மாற்றம் தெரியவர வழியில்லை.

கனடாவில் எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று மொத்தமாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. சுகாதாரக் காப்புறுதி அங்கே மாகாணத்தின் கையில் இருக்கிறது. எந்த மாகாணம், எந்த விசா, எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: கையில் இருக்கும் விசா எது?

கணவரின் ஸ்பொன்சரில் நிரந்தர வதிவிட விசா கிடைத்துப் போகிறவர்களுக்குத்தான் வழி சுலபம். எல்லா மாகாணமும் உங்களைக் காப்புறுதிக்குள் எடுக்கும். எப்போது எடுக்கும் என்பதில்தான் வித்தியாசம்.

விசிட் விசாவில் போகிறவர்களுக்குக் காத்திருப்புக் காலமே கிடையாது, ஏனென்றால் காப்புறுதியே கிடையாது. எத்தனை மாதம் இருந்தாலும் கிடைக்காது. "பிள்ளை அங்க பிறந்தா சிட்டிசன்தானே" என்பார்கள். பிள்ளைக்கு அது சரி. பிரசவ பில் வருவது தாயின் பெயரில். சாதாரணப் பிரசவத்துக்கே ஆயிரக்கணக்கான டொலர் போகும், சத்திரசிகிச்சை என்றால் இன்னும் கூடும், பல ஆஸ்பத்திரிகள் முற்பணமும் கேட்கும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ காசில்லாமல் பிள்ளை பெற்றுப் பழகிய நமக்கு, பிரசவத்துக்கு பில் வரும் என்பதே லேசில் மனதில் ஏறாது.

விசிட்டில் போய் உள்ளே இருந்தபடியே ஸ்பொன்சர் விண்ணப்பம் போடுகிறவர்களும் உண்டு. ஒன்ராறியோவில் விண்ணப்பம் போட்ட ரசீது மட்டும் காணாது. நிரந்தர வதிவிடத்துக்கான தகுதி உண்டு என்று குடிவரவுத் திணைக்களம் உறுதிப்படுத்திய கடிதம் வர வேண்டும். அந்தக் கடிதம் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிடலாம்.

வேலை அனுமதியில் இருப்பவர் ஒன்ராறியோ முதலாளி ஒருவரிடம் முழுநேரமாக, குறைந்தது 6 மாதத்துக்கு வேலை என்றால் அவருக்கும் மனைவிக்கும் காப்புறுதி கிடைக்கும். வேலை கொடுத்தவரின் கடிதத்தில் முழுநேரம் என்பதும் 6 மாதம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மாணவர் விசாவுக்கு ஒன்ராறியோவின் அரச காப்புறுதி இல்லை. பல்கலைக்கழகத்தின் தனித் திட்டத்தில் மனைவியையும் சேர்க்க முடியுமா, பிரசவம் அதில் அடங்குமா என்று புறப்படுவதற்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அகதிக் கோரிக்கை வைத்தவர்களின் வழி வேறு. அவர்களை மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் எடுக்கும், கர்ப்பகாலக் கவனிப்பும் பிரசவமும் அதில் அடங்கும்.

படி 2: எந்த மாகாணம்?

நிரந்தர வதிவிட விசாவில் போகிறவர்கள் இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள்.

ஒன்ராறியோ, அதாவது ஸ்கார்பரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கம் என்றால் காத்திருப்பு இல்லை. பத்திரங்களைக் கொண்டுபோய்ப் பதிந்தால் சரி.

அல்பேர்ட்டாவில் வெளிநாட்டிலிருந்து நேரே வந்து குடியேறுகிறவர்களுக்கு வந்த நாளிலிருந்தே காப்புறுதி. மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும். பிந்தினால் அந்தச் சலுகை கைவிட்டுப் போகலாம்.

கியூபெக்கில் மூன்று மாதம் வரை காத்திருப்பு உண்டு, அதை நீங்கள் பதிந்த மாதத்திலிருந்துதான் எண்ணுவார்கள். ஜனவரி 10 பதிந்தால் ஏப்ரல் 1 தொடங்கும். பதியாமல் வீட்டில் இருந்தால் எண்ணிக்கை தொடங்காது. அதற்காக மொன்றியல் போகும் கர்ப்பிணி பயப்படத் தேவையில்லை. கர்ப்பம், பிரசவம் தொடர்பான சிகிச்சை அந்தக் காத்திருப்புக்குள்ளும் இலவசம் என்பது அந்த மாகாணத்தின் விதியிலேயே உள்ள விலக்கு. ஆனால் காய்ச்சல், பல்வலி என்று வேறு காரணத்துக்குப் போனால் அந்த விலக்கு உதவாது. பதிவு செய்ததற்கான கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். முன்மேசையில் இருப்பவர் இந்த விலக்கைத் தெரிந்தவராக இருப்பார் என்று நம்பிப் போக வேண்டாம்.

பிரிட்டிஷ் கொலம்பியாதான் கொஞ்சம் கடினம். வந்து இறங்கிய மாதத்தின் மிச்ச நாட்கள், அதற்கு மேல் இரண்டு முழு மாதங்கள் காத்திருக்க வேண்டும். கர்ப்பிணிக்கென்று பொது விலக்கு இல்லை. கலண்டரை எடுத்துப் பாருங்கள். மார்ச் 31 இறங்கினால் மார்ச்சில் மிச்சம் ஒன்றுமில்லை. ஏப்ரல், மே கழிய ஜூன் 1 காப்புறுதி. ஏப்ரல் 1 இறங்கினால் ஏப்ரல் முழுக்கப் போய், மே, ஜூன் கழிந்து ஜூலை 1. டிக்கெட்டை ஒரு நாள் முந்திப் போட்டால் ஒரு மாதம் மிச்சம். வன்கூவர் பக்கம் போகிறவர்கள் மாதக் கடைசியில் இறங்குவது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான், நாள் நட்சத்திரம் அல்ல.

இன்னொரு பொறி: ரொறன்ரோவில் மச்சான் வீட்டில் ஒரு மாதம் இருந்து அட்டை எடுத்துவிட்டு, பிறகு வேறு மாகாணத்துக்குப் போகலாம் என்று யோசிப்பது. ஒன்ராறியோ அட்டை அங்கே நிலையாக வாழ்கிறவர்களுக்கானது. முதல் 183 நாளில் 153 நாள் அங்கே இருக்க வேண்டும் என்று விதி உண்டு. எங்கே குடியிருக்கப் போகிறீர்களோ அங்கேயே நேரே இறங்குங்கள்.

படி 3: வாரத்தையும் கலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஒரு தாளில் மூன்று திகதி எழுதுங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாள். கிளினிக் அட்டையில் எழுதியிருக்கும் பிரசவத் திகதி. மாகாணக் காப்புறுதி தொடங்கக்கூடிய நாள். மூன்றாவது திகதி இரண்டாவதற்குக் குறைந்தது 8 வாரம் முந்தி வந்தால் பயணத்தைப் பற்றி யோசிக்கலாம். அதைவிட நெருங்கினால், பிள்ளையை இங்கேயே பெற்றுக்கொண்டு போவதுதான் என் கணக்கில் நல்லது. எல்லாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கணவர் பக்கத்தில் இல்லாமல் பெறுவது லேசான காரியமில்லை, தெரியும். ஆனால் பெற்ற தாய் பக்கத்தில் இருப்பாள், போதனா வைத்தியசாலை பக்கத்தில் இருக்கும், பில் இருக்காது.

இங்கேயே பெறுவதென்றால் ஒரு விஷயத்தில் விளையாடவே கூடாது. விசா கையில் வந்த பிறகு பிள்ளை பிறந்தாலும், கனடாவில் இறங்குவதற்கு முன்பு அதைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவித்தே ஆக வேண்டும். அறிவிக்காமல் தாய் மட்டும் போய் இறங்கிவிட்டால், பின்னர் அந்தப் பிள்ளையைக் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாதபடி சட்டம் குறுக்கே நிற்கும். "பிள்ளையை அம்மாவிட்ட விட்டுட்டு முதல்ல போய் இறங்குவம், பிறகு கூப்பிடுவம்" என்று யாராவது ஆலோசனை சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழும்பி வாருங்கள்.

தகப்பன் கனடியக் குடியுரிமை உள்ளவரா, நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவரா என்பதும் இங்கே பெரிய வித்தியாசம். கனடாவில் பிறந்தவரோ, அங்கே குடியுரிமை எடுத்தவரோ என்றால், மட்டக்களப்பில் பிறக்கும் பிள்ளையும் பிறப்பிலேயே கனடியப் பிரஜை. அதற்கு விசா தேவையில்லை, குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தகப்பன் நிரந்தர வதிவிடக்காரர் என்றால் பிள்ளையைத் தாயின் விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். கோப்பு கொஞ்சம் இழுபடும். இழுபட்டாலும் சேருங்கள்.

படி 4: மருத்துவப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும்

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே இருக்கிறது. கர்ப்பிணி என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வழி உண்டு: வயிற்றுக்கு ஈயக் கவசம் போட்டு, சம்மதம் எழுதிக் கொடுத்து எடுப்பது; இல்லையென்றால் பிரசவம் முடியும்வரை தள்ளிப்போடுவது. தள்ளிப்போட்டால் கோப்பும் அதோடு நின்றுவிடும். இந்த முடிவைக் கிளினிக் டொக்டரோடு பேசி எடுங்கள், முகவரின் பேச்சைக் கேட்டு அல்ல. சில பேர் கர்ப்பத்தை மறைத்து எக்ஸ்ரே எடுத்துவிடுகிறார்கள். அதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

படி 5: கிளினிக் அட்டை

பிரதேசத்தின் குடும்பநல உத்தியோகத்தரிடம், நாம் மிட்வைஃப் என்று சொல்கிறவரிடம், பதிந்தவுடன் தரும் எச் 512 அட்டை உங்கள் முழுக் கர்ப்பகால வரலாறு. இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, விடிஆர்எல், எச்ஐவி பரிசோதனை முடிவுகள், ஏற்பு ஊசி போட்ட திகதி, ஒவ்வொரு கிளினிக்கிலும் அளந்த வயிற்றின் உயரம், பிரஷர் எல்லாம் அதில் உண்டு. அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். பெட்டிக்குள் போட வேண்டாம்.

என் பெறாமகள் 31ஆவது வாரத்தில் ரொறன்ரோ போனாள். பொலித்தீன் பையில் சுற்றியிருந்த அட்டையை அங்குள்ள மிட்வைஃப் விரித்து வைத்துக்கொண்டு, நீல மையில் எழுதியிருந்த "பிஓஏ 28+4" என்ற இடத்தில் விரலை வைத்தபடி நின்றாளாம். இங்கே எல்லா டொக்டரும் எழுதும் சுருக்கம், மாதவிலக்கு நின்று எத்தனை வாரம், எத்தனை நாள் என்பதற்கு. அங்கே அப்படி எழுதுவதில்லை. பெறாமகள் விளங்கப்படுத்திய பிறகு அந்த மிட்வைஃப் சந்தோஷப்பட்டாளாம், இவ்வளவு ஒழுங்கான பதிவை எதிர்பார்க்கவில்லை என்று. நம் ஊர் மிட்வைஃப்மாரின் வேலை அப்படி.

அதனால் புறப்படுவதற்கு முந்தின கிளினிக்கில் டொக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள், சுருக்கெழுத்து இல்லாமல், தெளிவான ஆங்கிலத்தில். பெயர் பாஸ்போட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். கிளினிக்கில் கணவரின் முதலெழுத்தைப் போட்டு ஒரு பெயர், பாஸ்போட்டில் தகப்பனின் முழுப்பெயரோடு இன்னொரு பெயர் என்று இருந்தால், அங்கே இருவரையும் ஒருவர்தான் என்று நிரூபிப்பது தலைவலி. நீளமான பெயருள்ள முஸ்லிம் சகோதரிகளுக்கு இது இன்னும் அதிகம் நடக்கிறது.

18 முதல் 22 வாரத்துக்குள் செய்யும் குறைபாட்டு ஸ்கேனை இங்கேயே முடித்துவிடுங்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால் கடிதத்தில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். தாயின் இரத்தம் பிள்ளையின் இரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் அன்ரி-டி ஊசியைக் கனடாவில் 28ஆவது வாரமளவில் போடுவார்கள், பயணத்தின் குழப்பத்தில் அது விடுபடக் கூடாது. போகிற செய்தியை மிட்வைஃபுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். பாவம், அடுத்த மாதம் உங்களைத் தேடி வீடு வருவார்.

படி 6: பயணம்

பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகு டொக்டர் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றாது, இரட்டைப் பிள்ளை என்றால் இன்னும் முந்தியே மறுக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் வாரக்கணக்கு மாறுகிறது, டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். வழியில் மாறி ஏறும் விமானம் வேறு நிறுவனம் என்றால் இரண்டு பேரின் விதியும் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தாருக்கு விமானத்துக்கு முன்னால் இன்னொரு பயணம் இருக்கிறது. கல்முனையிலிருந்து கட்டுநாயக்கா 300 கிலோமீட்டருக்கு மேல். இரவு பஸ்ஸில் முழுக்க இருந்துபோய், அப்படியே 20 மணித்தியாலம் விமானத்திலும் இருந்தால் கால் வீங்கும், இரத்தம் உறையும் அபாயமும் உண்டு. ஒரு நாள் முந்திப் போய் நீர்கொழும்பில் தங்கி எழும்புங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 7: இறங்கிய முதல் வாரம்

ஒன்ராறியோ என்றால் மாகாண அரசின் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். மூன்று வகைப் பத்திரம், மூன்றும் அசல்: குடிவரவு அந்தஸ்து, ஒன்ராறியோ முகவரி, அடையாளம். அந்தஸ்துக்கு நிரந்தர வதிவிட உறுதிப்படுத்தல் பத்திரம் போதும், அட்டை தபாலில் வரும்வரை பொறுக்க வேண்டியதில்லை. அடையாளத்துக்குப் பாஸ்போட். இடறுவது முகவரியில். நேற்று வந்த பெண்ணின் பெயரில் எந்த பில் இருக்கப் போகிறது? கணவர் முன்கூட்டியே வாடகை ஒப்பந்தத்தில் மனைவியின் பெயரைச் சேர்த்து வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. இல்லையென்றால் இறங்கிய அடுத்த நாளே கூட்டு வங்கிக் கணக்கு திறந்து, அதன் கூற்று தபாலில் வரும்வரை பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் உண்மையான காத்திருப்பு. சட்டப்படி முதல் நாளே காப்புறுதி உண்டு. ஆனால் பார்க்க ஒரு டொக்டர் வேண்டுமே. அங்கே மகப்பேற்று நிபுணரிடம் நேரே போய் நிற்க முடியாது, இன்னொரு டொக்டர் அனுப்ப வேண்டும், குடும்ப டொக்டர் கிடைப்பதோ குதிரைக் கொம்பு. பெறாமகளின் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் பார்ப்பார்கள்தானே என்று இருந்துவிட்டார். முன்பதிவில்லாமல் போகக்கூடிய ஒரு நடைக் கிளினிக்கில் 31 வாரம் என்று கேட்டவுடன் கையை விரித்தார்கள். இன்னொரு இடத்தில் அனுப்பிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. கடைசியில் கைகொடுத்தது மிட்வைஃப் நிலையம்.

ஒன்ராறியோவில் மிட்வைஃபிடம் போக யாருடைய கடிதமும் தேவையில்லை, நீங்களே தொலைபேசியில் கூப்பிட்டுப் பதியலாம். அந்தச் செலவை மாகாணமே கொடுக்கிறது. ஒன்ராறியோவில் வசிப்பவர் என்றால் அட்டை இல்லாதவரையும் அவர்கள் ஏற்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டணம் வேறு கணக்கு. ஆனால் கர்ப்பகாலக் கவனிப்பும் பிரசவம் பார்ப்பதும் இலவசம். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். விசா வந்த கிழமையே கணவர் அங்கிருந்து கூப்பிட்டுப் பெயர் கொடுக்கட்டும். கர்ப்பிணி ஊரில் இருக்கிறாள் என்று சொல்லலாம், தப்பில்லை. சமூகச் சுகாதார நிலையங்களும் காப்புறுதி இல்லாதவர்களைப் பார்க்கின்றன. ஸ்கார்பரோவில் தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள், அனேகமாக இருப்பார்.

இடைவெளி விழுந்தால்

பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற இடத்தில் இரண்டு மூன்று மாதம் வெறுமையாக இருந்தால் தனியார் காப்புறுதி எடுக்கச் சொல்வார்கள். எடுங்கள், விபத்துக்கும் திடீர் நோய்க்கும் உதவும். ஆனால் ஏற்கெனவே உள்ள கர்ப்பத்தையும் சாதாரணப் பிரசவத்தையும் இந்தப் பொலிசிகள் பெரும்பாலும் விலக்கி வைக்கின்றன. சிலது குறிப்பிட்ட வாரம் வரைக்கும் வரும் சிக்கல்களை மட்டும் ஏற்கும். விற்கிறவர் "எல்லாம் கவர் ஆகும் தங்கச்சி" என்று சொன்னால், கர்ப்பம் என்ற சொல் விலக்குப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பேச்சு அதோடு குறையும்.

மற்ற நாடுகள், சுருக்கமாக

பிரித்தானியாவில் காத்திருப்பு இல்லை, முன்பணம்தான். வாழ்க்கைத்துணை விசாவோடு சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண். இங்கிருந்து போடும் 33 மாத விசாவுக்கு 3,105 பவுண். கட்டியவருக்கு இறங்கிய நாளிலிருந்தே மகப்பேற்றுக் கவனிப்பு. விசிட்டில் போனவரைப் பிரசவத்துக்குத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், ஆனால் இங்கிலாந்தில் ஒன்றரை மடங்கு கட்டணம் பில்லாக வரும்.

சுவிஸ் போகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் காப்புறுதி எடுத்தால் போதும், அது வந்த நாளிலிருந்தே செல்லும், தவணைக் கட்டணமும் அந்த நாளிலிருந்து கட்ட வேண்டும். கர்ப்பத்தின் 13ஆவது வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் 8 வாரம் வரை சிகிச்சையில் உங்கள் பங்கு என்று ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அவுஸ்திரேலியாவில் 309 வாழ்க்கைத்துணை விசாக்காரருக்கு மெடிகெயார் என்ற அரச காப்புறுதி உண்டு, திருமணம் செய்யப் போகிறவருக்கான 300 விசாவுக்கு இல்லை. தனியார் காப்புறுதி எடுத்தால் பிரசவத்துக்கு 12 மாதம் காத்திருப்பு, கர்ப்பமான பிறகு எடுத்துப் பயனில்லை.

அம்மாவைக் கூப்பிடுவதென்றால்

பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தாய் போகாமல் நம் பக்கத்தில் காரியம் நடக்காது. பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் கனடாவுக்கு வருகிற அம்மாவுக்கோ மாமிக்கோ குறைந்தது ஒரு வருடத்துக்கு, குறைந்தது 100,000 கனடிய டொலர் ஈடு தரும் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அம்மாவின் சீனி, பிரஷர் எதையும் அந்த விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம். மறைத்தால் பணம் கேட்கும் நாளில் பொலிசி செல்லாது. கொண்டுபோகிற பிள்ளைப்பேற்றுச் சரக்குத் தூளையும் விமான நிலையத்தில் உணவுப்பொருள் என்றே அறிவியுங்கள். வறுத்துத் தூளாக்கி, பெயர் ஒட்டி, தனிப் பையில் கட்டிவைத்தால் திறந்து பார்த்துவிட்டு, மணத்துக்குத் தும்மிவிட்டு, திருப்பித் தந்துவிடுவார்கள்.